சனவரி ஒன்று

கரடிப்போக்குச் சந்தியில்
சைக்கிள் கடை வைத்திருந்த சவுந்தரராசா இருக்கும்வரை
எனக்கு வங்கி தேவைப்படவில்லை.
ஹேர்னிங்கில் ஓராளிடம் குறோணரை எண்ணிக் கொடுப்பேன்.
அடுத்தநாள் காலை, டியூப் ஒட்டிய கையோடு
அவர் அக்காவிடம் ரூபாயை எண்ணிக் கொடுப்பார்.
சனம் ஓடிய வருடம் அவரும் ஓடினார்,
சட்டைக்குள் கொப்பியைச் செருகிக்கொண்டு.
செட்டிகுளத்தில் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்று
மாசி மாதத்துக் காசைத் தீர்த்தாராம்
ஆடியில்.
இருபத்திரண்டு வருடம். ஒரு கையெழுத்து இல்லை.

போன வைகாசி அவர் செத்துப்போனார்.
"இனி முறையா ஒரு கணக்கைத் திற" என்றாள் அக்கா.

அதுதான் இந்த வரிசை.
இலக்கம் நாற்பத்தேழு.
வெளியே கண்டி வீதியில் தார் இளகுகிறது.
உள்ளே குளிர். பழக்கமான குளிர்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கஜந்தினி என்று பெயர்த்தகடு.
வதியும் நாடு?
டென்மார்க்.
பிரசாவுரிமை?
அதுவும்.
"அப்ப இஞ்சத்தை முகவரி?"
மூன்றாம் வாய்க்கால், டி எட்டு, உருத்திரபுரம்.
"அங்க இருக்கிறீங்களோ?"
இல்லை.
"அத்தாட்சி ஏதும்?"
கரண்ட் பில் அத்தானின் பெயரில்.
நான் வெளிக்கிட்ட காலம் ஊரில் கரண்டே இல்லை,
பில்லுக்கு எங்கே போக?

விதானையாரின் கடிதத்தை நீட்டினேன்:
மேற்படி நபர் இப்பிரிவில் வசிக்கவில்லை என்பதை
நான் நேரடியாக அறிவேன்.
சரிந்த முத்திரை, பச்சை மை.
என்னைப் பற்றி ஓர் அலுவலகம் எழுதிய
முதல் முழு உண்மை.

பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.
"அண்ணை, பாஸ்போட்டில சனவரி ஒண்டு.
பிறப்புப் பத்திரத்தில ஆவணி பதினேழு.
ரெண்டு பேரும் நீங்கள்தானோ?"

என்ன சொல்ல.
கியெவ்வில் ஓர் அறையில் பதினாலு பேர்.
ஏஜென்சிக்காரன் ஆளுக்கொரு பிறந்தநாள்
பாடமாக்கித் தந்தான்.
எனக்கு விழுந்தது எவனுடையதோ.
எல்லையில் கேட்டார்கள், ஒப்புவித்தேன்.
பிறகு எங்கே கேட்டாலும் அதே வாய்.
டெனிஷ் வங்கிக்காரி சிரித்தாள்:
ஊரே வாணம் விடுவது உனக்காகத்தானா?
அங்கே அன்றைக்குத் தமிழில் கையெழுத்து வைத்தேன்,
பூக்கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து
எடுத்துக்கொண்டாள்.
இங்கே இன்றைக்கு
கை தானாக ஆங்கிலத்தில் போகிறது.
பிள்ளைகள் வருடா வருடம்
நித்திரைக் கண்ணோடு கேக் வெட்டித் தருவார்கள்.
அவர்களுக்கும் சொல்லவில்லை.

கோப்பு முகாமையாளரிடம் போனது, வந்தது, திரும்பப் போனது.
"பாஸ்போட்டில இருக்கிறதைத்தான் சிஸ்டம் எடுக்கும்."
போடுங்கோ தங்கச்சி, என்றேன்.

பின்னுரித்தாளர்?
அக்கா.
"வயசு?"
என்னைவிட நாலு கூட.
"எந்த உங்களைவிட?"
கேட்டுவிட்டு அவளே சிரித்துவிட்டாள்,
பின்னால் நின்ற நாற்பத்தெட்டும் சிரித்தது.

புத்தகம் அச்சடித்து வந்தது.
என் பெயர் நீளம், இரண்டு வரியில் முறிந்திருந்தது.

பிறகு, ஹேர்னிங்கில்,
இறைச்சித் தொழிற்சாலை உடுப்பு மாற்றும் அறையில்
ஒரு காலை போன் அதிர்ந்தது.
வங்கியின் குறுஞ்செய்தி:
இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், மதிப்புக்குரிய வாடிக்கையாளரே.
திகதியைப் பார்த்தேன்.
ஆவணி பதினேழு.

பிழையாய் அடித்தாளோ, தெரிந்துதான் அடித்தாளோ.
கையுறையைப் போட்டேன். கழற்றினேன்.
இன்னொருதரம் வாசித்தேன்.
பக்கத்துப் போலந்துக்காரன், யார் என்று கேட்டான்.
வங்கி என்றேன்.
கடனா, என்றான், இரக்கத்தோடு.

அன்றிரவு அக்கா எடுத்தாள்.
காசு வந்ததாம், ஆனால் ஞாயிறு பூட்டாம்,
ஓட்டோவுக்கு நானூறு போயிற்றாம்.
சவுந்தரராசா ஞாயிறும் திறப்பான் என்றாள்.